நாலாவது தோள்

வடக்கனந்தலுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பதினோரு வீடுகள்தான் எங்கள் ஊர். கிழக்கே ஓடை. மேற்கே மலைச்சரிவு, அதன் மேல் இடுகாடு. ஆண்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டார்கள்; என் கணவரும்தான்.

போன ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். ஓடைத் தண்ணீர் தரைப்பாலத்தை மூழ்கடித்துவிட்டதால் வெளியாட்கள் யாராலும் வர முடியவில்லை. பாடை தூக்கத் தெம்புள்ள ஆண்கள் ஊரில் மூன்றே பேர். மறுநாள் மத்தியானம்வரை காத்திருந்தோம். பிறகு அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: “இன்னும் எம்மா நேரம் அவர இப்டியே போட்டுக்கினு இருக்கறது? நீ தூக்கும்மா.”

“பொம்பளைங்க அங்க வரக்கூடாதுங்களே” என்றார் மூவரில் ஒருவர்.

“ஆளு இருந்தா நான் ஏன் இவளக் கூப்புடறேன்?”

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பின்பக்கம் தோள் கொடுத்தேன். சரிவில் ஏற ஏற பாரம் என் பக்கமே இறங்கியது. வழுக்கிய இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டேன். குழியில் இறக்கி மண் தள்ளினோம்.

திரும்பியதும் அந்த அம்மாவே என் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

“தோளு வலிக்குதா?” என்று கேட்டார்.

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.