தணிகாசலம் வைத்த பெயர்கள்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே பதினாலு வருஷமாக வேலை பார்க்கும் தணிகாசலத்துக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. ஒரு நாளைக்கு முதலாளி வாயிலிருந்து 'ஹிபா' என்ற பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவான். திங்கட்கிழமை பதினொன்று. செவ்வாய்க்கிழமை ஒன்பது, அன்றைக்கு முதலாளி அரை நாள்தான் இருந்தார்.

இந்தத் தராசுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரே இருக்கிறது. தட்டில் மீன் விழுந்ததும் பாரத்தை எண்ணாக மாற்றித் தருவது ஒரு சிப். அந்தச் சிப்போடு பேசும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். நீ யார் என்று கேட்டால் ஒவ்வொரு சிப்பும் ஓர் அடையாள எண்ணைச் சொல்லும். வெறும் எண்ணை மனிதர்கள் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால், டிரைவர் எழுதுகிறவர் அதற்கு ஒரு பெயர் வைப்பார். பதினாலு வருஷமாக அந்த வேலையைத் தனி ஆளாகச் செய்தவன் தணிகாசலம்.

அவனுக்கு ஒரு வழக்கம். தராசு முதலில் எந்த இடத்துக்குப் போகிறதோ அந்த இடத்தின் பெயரையே சிப்புக்கும் வைத்துவிடுவான். பெரிய மார்க்கெட் மீன் பகுதிக்குப் போனது 'மீன்'. ரேஷன் கடைக்குப் போனது 'ரேஷன்'. நோணாங்குப்பம் படகுத்துறை கேன்டீனுக்குப் போனது 'படகு'. ரேஷனும் படகும் ஒரே சிப்தான், ஆனால் இரண்டு டிரைவரில் இரண்டு பெயரோடு குடித்தனம் நடத்தியது. வெளியாள் படித்தால் தலை சுற்றும். அவனுக்குச் சுற்றாது. பெயரைப் பார்த்ததுமே அந்தக் கடையும், கடைக்காரர் குரலும், அங்கே ஒழுகிய கூரையும் கண்முன் வந்துவிடும். அவனைக் கேட்காமல் யாரும் ஒரு வரியைத் தொட முடியாது. அந்த நிலைமை அவனுக்குப் பிடித்திருந்தது.

ஹிபா தொட்டாள்.

முல்லா வீதிப் பெண், இருபத்தாறு வயது. வேலைக்கு வந்த மூன்றாவது மாதமே எல்லா டிரைவர்களையும் படித்து முடித்து ஓர் அட்டவணை போட்டாள். தயாரித்த கம்பெனியின் பெயர் முதலில், பிறகு மாடல், கடைசியில் எந்தப் பதிப்பு என்பது. ஒரு சிப்புக்கு ஒரு பெயர், எல்லா டிரைவரிலும் அதே பெயர். தணிகாசலம் அந்த அட்டவணையை வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு நாள் குறை தேடினான். கிடைக்கவில்லை. நன்றாக இருந்தது என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

முதலாளி விஜயராகவன் அவளை டிரைவர் பிரிவுக்கு லீடாக்கினார். தணிகாசலத்தைத் தனியாக அழைத்துச் சமாதானமும் சொன்னார். "டிகிரி இல்லாத ஆள லீடா போட்டா வெளியில நம்ம மதிக்க மாட்டாங்கப்பா. நீயே யோசிச்சுப் பாரு." பாலிடெக்னிக் டிப்ளமோவோடு வந்தவன் கம்பெனியின் அத்தனை தராசையும் பேச வைத்திருந்தாலும் கடைசி வரை சீனியர் டெக்னீஷியன்தான். அதோடு விட்டாரா? வாஸ்து பார்க்க வந்தவர் சொன்னார் என்று ஜன்னலோரத்து மேசையை அவளுக்குக் கொடுத்து, அவனைக் கழிவறைக்குப் பக்கத்து மூலைக்குத் தள்ளினார். தென்மேற்குக்கும் புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வீட்டில் மனைவி துர்கா வேறொரு காரணம் வைத்திருந்தாள்.

"உங்களுக்கு ஏழரை நடக்குதுங்க. ஒரு நடை திருநள்ளாறு போயிட்டு வந்துடலாம்."

"என்னை மூலையில உக்கார வெச்சது சனீஸ்வரனா?"

"அப்போ உக்கார வெச்சவர் கிட்ட போயி கேளுங்க. கேப்பீங்களா?"

கேட்க மாட்டான். கோளாறே அங்கேதான். அவனுக்கு நடந்தது அநியாயம், அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு மனிதனின் பதினாலு வருஷ உழைப்பை ஒரு காகிதம் இல்லை என்று தள்ளி வைப்பது அநியாயமில்லாமல் வேறென்ன? ஆனால் அதைச் செய்தவர் சம்பளம் கொடுக்கிறவர். அவரிடம் போக வேண்டிய கோபம் பயத்தில் வழி மாறி, ஜன்னலோரத்துப் பெண்ணின் தலையில் போய் இறங்கியது. கீழே இருப்பவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தால் மேலே இருப்பவருக்கு அதைவிடச் சௌகரியம் எது?

அவள் மேசைக் காகிதங்கள் ஜன்னல் காற்றில் படபடத்தால் அவனுக்கு எரிச்சல். சர்வீஸ் பார்க்கும் கலைவாணன் கிண்டலாக "லீடு மேடம்" என்று கூப்பிட்டாலும் எரிச்சல். ஒவ்வொரு டிரைவரின் தலைப்பிலும் எழுதியவர் என்று இருந்த அவன் பெயரை அவள் அழிக்காமல் விட்டிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் எரிந்தது. இவள் யார் எனக்குப் பிச்சை போட?

ஒரு நாள் மத்தியானம் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவன் மூலைக்கே வந்தாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். 'மீன்' டிரைவர்லயும் 'ரேஷன்' டிரைவர்லயும் ஐடி நம்பர் ஒண்ணாதான் இருக்கு. எடையைப் பெருக்குற எண் மட்டும் வேற. ஒரே சிப்புதானே? ஒரே பேருக்குக் கொண்டாந்துடட்டுமா?"

ஒரே சிப் இல்லை. அது தணிகாசலம் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்பு, சரக்குத் தட்டுப்பாடு வந்த சமயம், சப்ளையர் ஒருவன் அசலுக்குப் பதிலாக ஒரு போலிச் சிப்பைத் தள்ளிவிட்டான். யாரென்று கேட்டால் அது அசலின் எண்ணையே சொல்லும். எடையை மட்டும் வேறு கணக்கில் தரும். அந்தச் சரக்கு முழுவதும் பெரிய மார்க்கெட் மீன் கடைகளுக்குப் போனது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, 'மீன்' டிரைவரில் மட்டும் பெருக்கும் எண்ணை மாற்றிச் சரிசெய்தான். ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. 'மீன்' என்றாலே தனக்குப் புரியுமே என்று விட்டுவிட்டான்.

அந்தச் சரக்குச் சிப் பதித்த போர்டு ஒன்று அவன் டிராயரிலேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் விஷயத்தைப் பிடித்துவிடுவாள். பிடித்து, அதற்கும் ஒழுங்காக ஒரு பெயர் வைத்து, முதலாளியிடம் இன்னொரு சபாஷ் வாங்குவாள்.

"நம்பர் ஒண்ணுன்னா சிப்பும் ஒண்ணுதாம்மா," என்றான்.

"அப்போ அந்தப் பெருக்குற எண்?"

"ஆரம்பத்துல கைக்கு வந்தத போட்டது. எடுத்துடு."

"தேங்க்ஸ்ண்ணே. நீங்க சொல்லலன்னா ரெண்டு நாளு முழிச்சிட்டு உக்காந்திருப்பேன்."

அவள் போனதும் டிராயரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சோதனை அலமாரியில் இருந்ததெல்லாம் புது போர்டுகள். அவள் வைத்த சோதனை எல்லாவற்றிலும் புது புரோகிராம் தேறியது.

வெள்ளிக்கிழமை கலைவாணன் அதைப் பென் டிரைவில் எடுத்துப் போய், வெள்ளோட்டமாக மீன் பகுதியில் ஒரே ஒரு தராசில் ஏற்றினான். சனிக்கிழமை முழுவதும், ஆபீசில் போன் அடித்தபோதெல்லாம் தணிகாசலம் ஹிபாவின் முகத்தைப் பார்த்தான். ஒரு புகார் வரும், அவள் விழிப்பாள், முதலாளி "தணிகாசலத்தக் கூப்பிடு" என்று கத்துவார். இவ்வளவுதான் அவன் கண்ட காட்சி. அந்தத் தராசுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து மீன் விற்பாள் என்பது அந்தக் காட்சியில் எங்குமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹிபாவே போன் செய்தாள்.

"அண்ணே, பெரிய மார்க்கெட்டுல அந்தத் தராசு கிலோவுக்கு நூறு கிராம் கூடக் காட்டுதாம். ஒரே தகராறாம். நான் கெளம்பிட்டேன், நீங்களும் கொஞ்சம் வர்றீங்களா?"

சட்டையை மாட்டும்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துர்கா பார்த்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம வேலைக்குக் கூப்பிட்டா இப்படியா பல்லக் காட்டுவாங்க?"

மீன் பகுதியில் வழி விடாத அளவுக்குக் கூட்டம். நடுவில் மீன் விற்கும் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். தராசின் மேல் யாரோ ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். கூடையில் சங்கரா மீன் அப்படியே கிடந்தது. அவளிடம் ஒரு கிலோ வாங்கியவர் வேறு கடையில் நிறுத்துப் பார்த்திருக்கிறார், தொள்ளாயிரத்துப் பத்து கிராம். திரும்பி வந்து 'திருடி' என்று கத்தியிருக்கிறார். நாலு பேர் கூடி, கடையை எடு என்றிருக்கிறார்கள். நகைக் கடையில் தராசு தப்பாகக் காட்டினால் அது மிஷின் கோளாறு. மீன்காரியிடம் காட்டினால் திருட்டு. இந்த நியாயத்தை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, கூட்டத்துக்குத் தானாகவே தெரிந்திருக்கிறது.

"முப்பது வருசமா இதே எடத்துல ஒக்காந்திருக்கேன்," என்று அஞ்சலாட்சி யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு நாளு, ஒருத்தன், என்னப் பாத்து அப்பிடிக் கேட்டதில்ல."

ஹிபா மீன் தண்ணீரிலேயே குந்தி உட்கார்ந்து சாக்கை எடுத்தாள். ஒரு கிலோ படிக்கல்லை வைத்தாள். ஆயிரத்து நூறு. முகம் வெளிறிப்போய் எழுந்தாள்.

"தப்பு இந்தம்மா மேல இல்ல," என்று கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "மிஷின் உள்ள இருக்குற புரோகிராம் தப்பு. அத எழுதுனது நான். என் தப்பு."

சலசலப்பு அடங்கியது. "பரவால்லியே, தைரியமா ஒத்துக்குது பாரு பொண்ணு," என்றார் பின்னால் நின்ற ஒருவர். இன்னொருவர் ஆமாம் போட்டார்.

தணிகாசலத்துக்குக் காது சூடேறியது. அவள் அழுவாள் என்று பார்க்க வந்தவன் அவன். பதினாலு வருஷத்தில் அவனுக்குக் கிடைக்காத மரியாதை, ஒரு தப்பை ஒப்புக்கொண்டதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதுவும் யாருடைய தப்பு? அந்தப் போலிச் சிப்பைக் கண்டுபிடித்தவன் அவன். சரிசெய்தவன் அவன். மறைத்தவனும் அவன். கடைசியில் இதையுமா அவள் தன் பெயரில் போட்டுக்கொள்வாள்?

"உன் தப்பு இல்ல அது," என்று கத்தினான். "என்னுது!"

மனசாட்சி விழித்துக்கொண்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறாமைதான் பேசியது. ஆனாலும் பேசியது உண்மை.

"என்னண்ணே சொல்றீங்க?"

"இதுல இருக்குறது வேற சிப்பு. நம்பர் மட்டும்தான் ஒண்ணு. நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

ஹிபா கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். குரல் தாழ்ந்திருந்தது. "உங்க முகத்தப் பாத்துக் கேட்டேன் இல்ல?"

"கேட்ட."

"என்ன லீடா போட்டதுதானே கோவம்? அது அநியாயம்னு எனக்கும் தெரியும்ண்ணே. ஒரு வார்த்த சொல்லிருந்தா உங்ககூட வந்து முதலாளி கிட்ட நானே கேட்டிருப்பேன். நமக்கு நடுவுல இந்தம்மா எங்க வந்தாங்க?"

ஹிபா லேப்டாப்பைத் திறந்து பழைய புரோகிராமை ஏற்ற ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அந்தச் சிப்ப யாரு செஞ்சது, எந்தச் சரக்குல வந்தது, எல்லாம் நாளைக்கு எழுதிக் குடுங்க. அட்டவணையில அதுக்குத் தனி வரி வேணும். நடந்தத முதலாளி கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அஞ்சலாட்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவனிடம் திரும்பினாள்.

"ஏன் தம்பி, உனுக்கு அந்தப் பொண்ணு மேல காண்டு. அதுக்கு என் பொழப்புதான் கெடச்சுதா?"

"நான் இன்னா பண்ணணும், சொல்லுங்கக்கா."

"ஒக்காரு." ஐஸ் பெட்டியைக் காலால் நகர்த்திப் போட்டாள். "வர்றவங்க போறவங்க எல்லார் கிட்டயும் நீயே சொல்லு. கடைய எடுத்து வெக்கிற வரைக்கும் சொல்லு."

உட்கார்ந்தான். வருகிறவர்களிடம் சொன்னான். மிஷின்தாங்க தப்பு, அக்கா மேல தப்பில்லீங்க. முதலில் கத்திய அந்த ஆளும் பையை ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். தணிகாசலம் அவரிடமும் சொன்னான்.

"அட, மிஷினா!" என்று சிரித்துவிட்டு அவர் இறால் கடைப் பக்கம் போய்விட்டார்.

"பாத்தியா?" என்றாள் அஞ்சலாட்சி. "திருடின்னு சொன்னப்ப மார்க்கெட்டே கேட்டுச்சு. இல்லன்னு நீ சொல்றது அடுத்த கடைக்குக் கேக்கல. எழுந்து நின்னு சத்தமா சொல்லு."

எதிரே ஹிபாவைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று, அவள் படிக்கல் வைப்பதையும் எண் சரியாக வருவதையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் அடங்காமலே எழுந்து நின்று, கூட்டம் திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தினான்.