கரி வண்டியின் இரண்டு குடிகாரர்கள்

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் வைத்த பிறகு, தூத்துக்குடியில் கார் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வழிதான் இருந்தது. காரைக் கொட்டகையில் நிறுத்திக் கோழி அடைய விட்டுவிடலாம். இல்லாவிட்டால் கரி காஸ் மாட்டலாம். என் முதலாளி மாட்டினார். பஞ்சும் உப்பும் கப்பலேற்றுகிறவர், வீட்டில் உட்கார்ந்தால் பிழைப்பு நடக்காது. பட்டறைக்காரர்கள் காரின் பின்பக்கத்தை வெட்டி, அங்கே பெரிய இரும்பு உருளை ஒன்றை நிறுத்தினார்கள். அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைத்தால் ஒரு வாயு வரும். அதை வடிகட்டி, பின் சீட்டுக்கு அடியில் ஓடும் குழாய் வழியாக இஞ்சினுக்குக் கொண்டுபோவார்கள். பெட்ரோல் இல்லாமலே ஓடும் என்று சொன்னார்கள்.

நான் அந்தக் காருக்கு டிரைவர். காலையில் கரி அள்ளிப்போட்டு, உருளையோடு இருந்த கைச்சுற்று விசிறியால் ஊதி, வாயு நீலமாக எரிகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் இஞ்சினைக் கிளப்ப முடியும். “நீங்க டிரைவரா, கொல்லப் பட்டறையில வேலை பாக்குதியளா?” என்று என் மனைவி கேட்பாள். என் சட்டையைத் துவைக்கிறவள் அவள், கேட்க உரிமை உண்டு.

சில மாதத்திலேயே கார் இழுக்க மறுத்தது. ஏரல் போகும் பாதையில் ஒரு மேடு. மேடு என்று சொன்னால் மேட்டுக்கே வெட்கம் வரும், அத்தனை சின்னது. அதில் ஏற முடியாமல் கார் இருமிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் எங்களைக் கடக்கும்போது, “அண்ணாச்சி, கயிறு வேணுமா?” என்று கேட்டான். பின் சீட்டிலிருந்த முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது.

கோளாறு எங்கே என்று தேட ஆரம்பித்தேன். முதலில் கரியைச் சந்தேகப்பட்டேன். ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வரும் உடைமரக் கரி நல்ல கரிதான், ஆனால் கடற்காற்றில் ஈரத்தைக் குடித்துவிடும். மொட்டை மாடியில் வெயிலில் பரப்பிக் காயவைத்துப் போட்டேன். இழுக்கவில்லை. வடிகட்டித் துணியை அவிழ்த்து அலசினேன், நாலு ஊர் சாம்பல் வந்தது. அப்போதும் இழுக்கவில்லை. பிறகு கூப்பனில் மிஞ்சியிருந்த கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். பந்தயக் குதிரைபோல் பாய்ந்தது. அப்படியானால் இஞ்சினில் குற்றமில்லை. உருளைக்கும் இஞ்சினுக்கும் நடுவில் எங்கேயோ வாயு கெடுகிறது. பார்க்காமல் பாக்கி இருந்தது பின் சீட்டுக்கு அடியில் ஓடும் குழாய்தான். அதன்மேல் பலகை அடித்து, புது மெத்தை தைத்திருந்தார்கள். அதைப் பிரிக்க வேண்டும் என்றேன். “மெத்தையக் கிழிக்கவாலே ஒனக்குச் சம்பளம்?” என்றார் முதலாளி. அதோடு பேச்சு முடிந்தது.

இதற்கு நடுவில் என் உடம்பும் சரியில்லாமல் போயிற்று. முதலாளி துறைமுகத்தில் இறங்கிப் போனால் வெகுநேரம் கழித்துத்தான் வருவார். இஞ்சினை நிறுத்தலாம், நெருப்பை அணைக்கக் கூடாது. அணைத்தால் மறுபடி கிளப்புவதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிடும். அது கச்சான் காற்று அடிக்கும் காலம். மணலும் கரித்தூளும் கண்ணைத் திறக்க விடாது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். தலை விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும். அவர் வந்து கதவைத் தட்டும்போது எழுந்தால் கால் தள்ளாடும். கேட்ட கேள்விக்கு நாக்கு குழறும்.

“ஏலே, எங்கன போயி ஊத்திட்டு வந்த?” என்றார் முதல் நாள்.

“காலையில பதனிதான் குடிச்சேன், மொதலாளி. சுண்ணாம்பு போட்ட பதனி, புளிக்காது.”

பனங்காட்டில் பிறந்தவன் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பக்கத்தில் நின்ற தோணிக்காரர்கள் சிரித்தார்கள். ஊரெல்லாம் பரவிற்று. நாங்கள் நாசரேத் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் கள்ளைப் பற்றிப் பேசினாலே வாயைக் கழுவச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சபை மூப்பர் என்னைத் தனியே கூப்பிட்டு, அப்பமும் ரசமும் வாங்க இராப்போசனத்துக்கு இந்த மாதம் வர வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்தால் மனைவி கதவருகே நின்றாள். “வாய ஊதுங்க” என்றாள். ஊதினேன். ஒன்றும் மணக்கவில்லை. அதனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. மணக்காமல் குடிக்கவும் கற்றுக்கொண்டேன் என்று நினைத்தாள். என்னை எது கொன்றது என்றால் அதுதான் கொன்றது. ஊர் சொன்னதை நான் தாங்கிக்கொண்டேன், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலாளிக்கு அந்தக் காரில் ஒருநாளும் தலை வலித்ததில்லை. அவர் ஏறினால் கார் ஓடும், நின்றால் இறங்கிவிடுவார். அதனால் காரைச் சந்தேகப்பட அவருக்கு வழியே இல்லை. ஒருநாள் துறைமுக வாசலில் எல்லோர் முன்பும் சாவியை வாங்கிக்கொண்டு என்னை விரட்டினார். “குடிகாரப் பயலக் கொண்டு எவன் கார ஓட்டுவான்?” என்று கத்தினார். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன். எழுதக் கூடாத திட்டு.

எனக்குப் பதிலாக வந்தவன் சாத்தான்குளத்துக்காரன். எங்கள் சபைதான். கோயிலில் பாட்டுக் குழுவில் நிற்பவன், ஒரு தாய்க்கு ஒரே மகன். ஒழுக்கமானவன் என்று மூப்பரே சிபாரிசு செய்தார். அவன் என்னிடம் வந்து காரைப் பற்றிக் கேட்டான். கரி, வடிகட்டி, மேட்டில் நிற்பது எல்லாம் சொன்னேன். சீட்டுக்கு அடியில் குழாயைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். “மொதலாளிட்டக் கேக்கேன்” என்றான். என் தலைவலியைக் காருக்குள் தேட வேண்டும் என்று எனக்கே தெரியாது. வேலை போன கொஞ்ச நாளில் தலைவலி தானாக நின்றுவிட்டது. வேலைக் கவலை விட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதம் திரும்பவில்லை. துறைமுகத்தில் காருக்குள் அவன் செத்துக் கிடக்கிறான் என்று ஆள் வந்து சொன்னது. ஓடினேன். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்ததாம். வெளியே தூக்கிக் கிடத்தியிருந்தார்கள். முகம் செக்கச்செவேலென்று, தூங்குகிறவன் முகம்போல இருந்தது. “குடிச்சுட்டுத்தான் சிவந்திருக்கு” என்றான் ஒருவன். “ரெண்டாமத்த குடிகாரன்” என்றான் இன்னொருவன். சிபாரிசு செய்த மூப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடித்துச் செத்தவனுக்குக் கோயிலில் சாவு மணி அடிப்பதா வேண்டாமா என்று பின்னால் முணுமுணுத்தார்கள். அவன் தாய் தலைமாட்டில் உட்கார்ந்து, “என் மவன் குடிக்க மாட்டான், என் மவன் குடிக்க மாட்டான்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை எனக்காக யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

முதலாளியிடம் கேட்காமலே மெத்தையைக் கிழித்தேன். பலகையைப் பெயர்த்தேன். குழாய் இணையும் இடத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. உருளையில் நெருப்பு இன்னும் இருந்தது. இஞ்சினைக் கிளப்பச் சொல்லி, ஒரு கூலியாளின் பீடியை வாங்கிப் பிளவருகே பிடித்தேன். புகை சர்ரென்று உள்ளே போயிற்று. ஓடும்போது வெளிக்காற்றை இழுக்கிறது, அதனால்தான் வாயு நீர்த்துக் கார் சோர்ந்திருக்கிறது. இஞ்சினை நிறுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் புகை எதிர்ப்பக்கம் தள்ளியது. எல்லோரையும் விலகச் சொல்லித் தீக்குச்சியைக் கிழித்து நீட்டினேன். பிளவின்மேல் நீலமாக ஒரு சுடர் எழுந்து நின்றது. இஞ்சினுக்குப் போக வேண்டியது, நின்ற காருக்குள் உட்கார்ந்தவன் மூக்குக்கு மணமில்லாத விஷமாகப் போயிருக்கிறது. என் தள்ளாட்டமும் அவன் முகச் சிவப்பும் அதனால்தான் என்று எல்லோர் முன்பும் சொன்னேன்.

மூப்பர் தலையைக் குனிந்துகொண்டு, மணி அடிக்க ஆள் அனுப்பினார். முதலாளி காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“காலையிலயே தல வலிக்குன்னான்” என்றார். “நல்ல பய, பொய் சொல்ல மாட்டான். வெளிய காத்தா இருக்கு, கார்லயே படுத்துக் கெடன்னு நாந்தான் சொன்னேன்.”

அந்தத் தாய் எழுந்து என் பக்கம் வந்தாள். “ஏய்யா, நீயும் இதுக்குள்ளதான இருந்த. நீ எப்படிப் பொழச்ச?”

“என்னையக் குடிகாரன்னு வெரட்டிட்டாவ, பெரியம்ம.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முதலாளியிடம் திரும்பிக் கைகூப்பினாள். அதில் கோபமே இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“அவனையும் குடிகாரன்னு சொல்லி வெரட்டியிருக்கப்படாதா, அண்ணாச்சி?”