அத்தையின் பெயருக்குப் பக்கத்தில்

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால்கூட "நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளைக்கு இங்கிலீஷ் அகராதி வாங்கிக் கொடுத்திருக்கவே கூடாது.

அப்போது நான் தென்காசியில் ஆறாம் வகுப்பு. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். மாமா கப்பல் வேலைக்குப் போனவர். மூன்று வருஷமாகக் கடிதம் இல்லை. ஆனாலும் அத்தை தினமும் குளித்துப் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, தபால்காரருக்காக வாசலில் நிற்பாள்.

ஒரு சாரல் நாள் காலையில் கப்பல் கம்பெனியிலிருந்து டைப் அடித்த கடிதம் வந்தது. ஆலங்குளத்தில் வேலையில் இருந்த அப்பா சாயங்கால பஸ்ஸில்தான் வருவார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. மாமா முன்பு கடித உறைமேல் இங்கிலீஷில் எழுதி எழுதி, அவள் பெயர் மட்டும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

"ஏட்டி, எம் பேருக்குப் பக்கத்துல புதுசா என்னமோ போட்டிருக்கான். என்னன்னு பாரு."

அகராதியைப் புரட்டினேன். 'விடோ' என்பதற்கு நேராக 'கைம்பெண், விதவை' என்று இருந்தது. ஒரு கட்டுக்கழுத்தியின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? நான் சொன்னால், என் வாயால்தான் மாமா செத்துப்போவார் என்று நிச்சயமாக நம்பினேன். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே வேறொரு சொல்லுக்கு 'அகலம்' என்று போட்டிருந்தது.

"அகலம்" என்றேன்.

"நல்லாப் பாத்தியாட்டி?"

"ஆமா அத்தை. அகலந்தான்."

கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். "கெளம்பு. குத்தாலம் போயிட்டு, ஒங்கப்பா வருததுக்குள்ள வந்திருவோம்" என்றாள்.

ஐந்தருவியில் மஞ்சள் தேய்த்து நெடுநேரம் குளித்தாள். கடையில் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டாள். தலை கொள்ளாமல் பிச்சிப்பூ. "நல்லாருக்கா?" என்று என்னைக் கேட்டாள். தலையை ஆட்டினேன். எனக்கோ உயிரே இல்லை. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும், அப்பா வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

சாயங்காலம் அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு, "ஐயோ, எந்தங்கச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். முதுகுத் தோலை உரித்துவிடுவார்கள் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். யாரும் என்னைத் தேடவில்லை. அத்தையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவளை ஒரு பகல் முழுக்க ஏமாற்றிய பாவி நான் என்று ரொம்ப வருஷம் குமைந்துகொண்டிருந்தேன். ஒரு பொம்பளை பேருக்குப் பக்கத்தில் அகலத்தை எதற்குப் போடுவான் என்று அத்தை என்னிடம் கேட்கவேயில்லை. அது அந்த வயசில் எனக்கு உறைக்கவில்லை.