போன் உள்ளே வராத அறை

நான் ராக்கெட் செய்வதில்லை. ராக்கெட் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களைப் படிக்கிறேன். இதை, அமெரிக்காவில் டெக்சாஸில் நாங்கள் இருக்கும் இர்விங்கில் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவரும் பாட்லக் விருந்துக்குப் போனால், "உன் ராக்கெட் எப்பம்மா மேல போகுது?" என்றுதான் கேட்பார்கள்.

நான் பதிலுக்கு, "ஆன்ட்டி, புளியோதரையில கடலை போட்டிருக்கீங்களா?" என்பேன்.

"கொஞ்சூண்டுதாம்மா. எடுத்துப் போட்டுட்டுக் குடு."

எடுத்துப் போட்டுவிட்டுக் கொடுக்க முடியாது. எங்கள் நாலு வயது மகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி. ஒருமுறை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். அன்றிலிருந்து, அவளைப் பகலில் விட்டுவரும் டேகேரில் அவசரத்துக்கு முதலில் கூப்பிட வேண்டிய எண் என்னுடையது. குளிக்கும்போதுகூடப் போன் வாஷ்பேசின் மேல் இருக்கும்.

இப்படிப்பட்ட என்னைப் போன் கொண்டுபோகக் கூடாத ஓர் அறைக்குள் வரச் சொன்னார் மேலாளர். நாட்டின் பாதுகாப்புக்கான செயற்கைக்கோள்களைத் தனியார் ராக்கெட்டில் அனுப்ப அரசாங்கம் டெண்டர் விட்டிருந்தது. எங்கள் கம்பெனியும் போட்டியில் இருந்தது. அந்த வேலை நடக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது; அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே உள்ளே போகலாம். போனையும் கைக்கடிகாரத்தையும் வெளியே உள்ள பெட்டியில் வைத்துவிட வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் ரிசப்ஷனுக்குக் கூப்பிடலாம். அங்கிருக்கும் பெண்மணி வந்து கதவைத் தட்டுவார்.

"வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஏன்? சிட்டிசன்ஷிப் வந்ததுலேர்ந்து இந்த வேலைதான் வேணும்னு என் உயிரை எடுத்த."

"டேகேர்லேர்ந்து கூப்பிட்டா?"

"என்னைக் கூப்பிடட்டும். அவ எனக்கும் பொண்ணுதான்."

"நீ மீட்டிங்ல போனை சைலன்ட்ல போட்டுடுவ."

"போட மாட்டேன் தாயே. அலர்ஜி ஊசியைத் தொடையில எப்படிப் போடணும், எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கணும், எல்லாம் தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேளு."

ஒரு நாள் விடியற்காலையில் எழுப்பிக் கேட்டேன். சரியாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டேகேரில் அவர் எண்ணை முதலாவதாக மாற்றினேன். மாற்றிவிட்டுப் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, திரும்பப் போய்ப் பழையபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாமா என யோசித்தேன்.

அறைக்குள் எங்கள் சண்டையெல்லாம் சின்னச் சின்ன வரிகளைப் பற்றியதுதான். ராக்கெட் தயார், செயற்கைக்கோள் தயாரில்லை என்றால் காத்திருக்கும் செலவு யார் தலையில்? இதற்கே ஒரு பகல் போயிருக்கிறது. ராக்கெட்டுக்குள்ளே போவது எந்தச் செயற்கைக்கோள் என்று எங்களுக்குச் சொல்வதில்லை. கணவர் அதை நம்புவதில்லை.

"அதுல என்னதான் இருக்கு?"

"தெரியாது."

"தெரிஞ்சா சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அப்ப தெரியும்!"

டெண்டரை அனுப்ப வேண்டிய வாரத்தில் ஒரு பிற்பகல், கதவு தட்டப்பட்டது. போனில் என் கணவர் என்றார் ரிசப்ஷன் பெண்மணி. ஓடிப்போய் எடுத்தேன்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அவ நல்லா இருக்கா" என்று ஆரம்பித்தார். "என்ன ஆச்சு?" என்றேன்.

காலையில் டேகேருக்கு யாரோ கொண்டுவந்த கடலை பிஸ்கட்டை ஒரு கடி கடித்திருக்கிறாள். உதடு தடித்து, கழுத்தில் தடிப்புகள். டேகேரிலிருந்து கூப்பிட்டதும் இவர் ஓடியிருக்கிறார். மூச்சில் கோளாறு இல்லை. டாக்டர் பார்த்து மருந்து கொடுத்து, அங்கேயே காத்திருக்க வைத்து, பிறகு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

"காலையில நடந்ததை இப்பதான் சொல்றியா?"

"அப்ப சொல்லியிருந்தா அழுதுகிட்டே ஃப்ரீவேல டிரைவ் பண்ணிட்டு வருவ. நான் அவளைப் பாக்கறதா, உன்னைப் பாக்கறதா?"

கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. மாலையில் மறுபடி தடித்தால் என்ன செய்வது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தார்.

"அவகிட்ட குடு."

"ஹாய் அம்மா."

"கண்ணு, வாய் அரிக்குதா? அம்மா வரட்டுமா?"

"நாட் நவ். அப்பா இஸ் டூயிங் த கரடி வாய்ஸ்."

பின்னால் கரடி உறுமியது. போனை வைத்துவிட்டாள்.

மேலாளர் என்னை உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார். பையைக்கூடத் தோளில் மாட்டிவிட்டேன். பிறகு, இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தேன். மூன்று முறை படித்தும் ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. நாலாவது முறை ஏறியது. முடித்துக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு முன்பே கிளம்பினேன்.

வீட்டில் இருவரும் சோபாவில் படுத்திருந்தார்கள். அவர் மார்பில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு இன்னும் கொஞ்சம் உப்பித்தான் இருந்தது. நான் குனிந்தேன். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"மூச்சு எண்ண வந்தியா? எண்ணியாச்சு. நார்மல்தான்."

"சரி" என்றேன். இருந்தாலும் தரையில் உட்கார்ந்து நானும் ஒருமுறை எண்ணினேன். அவள் முதுகு ஏறி இறங்குவது எனக்குத் தெரியும்படி, அவர் அதன் மேலிருந்த தன் கையை நகர்த்திக்கொண்டார்.