சித்தி வீட்டில் விட்ட பூனை

அந்த நீல எனாமல் கிண்ணத்தின் விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து கருந்தகடு தெரியும். எங்கள் பூனை சீனி அதில்தான் சாப்பிடும். மதுரைக்குக் கிளம்பிய அன்று காலை அப்பா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பழைய செய்தித்தாளில் சுற்றித் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார். குடித்த தம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர் அவர். எழுபதுகளின் நடுப்பகுதி அது, எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு முற்றிப் படுக்கவே முடியாமல் போயிருந்தது. மதுரையில் மாமா வீட்டில் ஒரு மாதம் தங்கி வைத்தியம் பார்க்க ஏற்பாடு. சீனியை எங்கள் ஊரிலேயே கடலோரத் திரேஸ்புரத்தில் அப்பாவுடைய தம்பி வீட்டில், சித்தியின் பொறுப்பில் விட்டோம். அது எங்கள் வீட்டைத் தேடி ஓடிவிடாமலிருக்க, கொல்லையில் முருங்கை மரத்தடியில் நீளக் கயிற்றில் கட்டிவைப்பதாகச் சித்தி சொன்னாள்.

திரும்பி வந்தபோது மரத்தடி காலியாக இருந்தது. "கயித்த அத்துக்கிட்டு ஓடிட்டுக்கா, தேடாத எடமில்ல" என்றாள் சித்தி. நாங்கள் நம்பவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய் அந்தக் கயிற்றையும் எடுத்துவந்து காட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு. சித்தப்பா கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டல், மாலுமிகளுக்கெல்லாம் தலைவர். கயிற்றோடு வாழும் குடும்பத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இழுத்து அறுந்த கயிறு நுனியில் பிரிந்து தும்பாகியிருக்கும். இது மழமழவென்று வெட்டுப்பட்டிருந்தது. நான் நுனியைத் தூக்கி அம்மாவிடம் காட்டினேன்.

"ஏளா, இது கத்தி பட்ட கயிறுல்லா? எங்கன கொண்டு விட்ட பூனைய?" என்றாள் அம்மா.

சித்தி கயிற்றைத் திரும்ப வாங்கிச் சுருட்டத் தொடங்கினாள். அம்மா சுவரில் இருந்த மாதா படத்தைக் காட்டி, "அது தானா ஓடிச்சின்னு சத்தியம் பண்ணு பாப்போம்" என்றாள். "அது மட்டும் என்னால ஏலாதுக்கா" என்று சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

எனக்குத் தேவைப்பட்டது. பிறவியிலேயே சந்தேகப் புத்தி எனக்கு. திரேஸ்புரத்துச் சந்துகளில் மீன் விற்கும் பெண்களை எல்லாம் விசாரித்தேன். சித்தப்பா கொழும்பிலிருந்து வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் முன்கையில் மூன்று நீளக் கீறல்கள். "கயிறு உரசிட்டுளா" என்றார். கயிறு உரசினால் தோல் வழலும், மூன்று கோடாகவா கிழிக்கும்? சாக்கில் கட்டிக் கடலில் போட்டுவிட்டார் என்று நானே ஒரு கதையை முடித்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதை அப்படியே நம்பினாள். சொல்லச் சொல்ல நானும் நம்பினேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சித்தி கொடுத்தனுப்பிய பலகாரத் தூக்குவாளி திறக்காமலே திரும்பிப் போனது. பிறகு சித்தியின் மூத்த மகள் கல்யாணத்துக்கும் அம்மா போகவில்லை, அப்பா மட்டும் போய் வந்தார். பேச்சு எழும்போதெல்லாம் அவர், "ஒரு பூனைக்குப் போயி..." என்று ஆரம்பிப்பார், முடிக்கமாட்டார், சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். தம்பியை விட்டுக்கொடுக்க மனமில்லை என்று நினைத்து அவர் மேலும் எனக்கு எரிச்சல் வரும்.

அம்மாவின் இழுப்பு வெகுவாகக் குறைந்துபோனது. மதுரை டாக்டர் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு பூனை வேண்டும் என்று நான் அழுதபோது, "இன்னொண்ண வளத்து எவ கையில குடுத்து ஏமாற?" என்று முடித்துவிட்டாள்.

அம்மாவும் அப்பாவும் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சென்ற வருஷம் சித்தி வரச்சொன்னதாகத் தகவல் வந்தது, போனேன். பெட்டியிலிருந்து அந்த நீலக் கிண்ணத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ஒங்கப்பாதாம்ளா சொன்னாவ. பூன முடி ஒங்கம்மைக்கு ஆவாதுன்னு இங்க உள்ள டாக்டர், மதுரைக்குப் போவ முன்னாலயே அவியகிட்ட சொல்லிட்டாராம். ஒங்கம்மைட்ட சொன்னா, பிள்ள ஏங்கிப் போவும், பூன கெடக்கட்டும்னுருப்பா. ஒங்கிட்ட சொல்ல அவியளுக்கு மனசு வரல. ஓடிட்டுன்னு நீ சொல்லிருன்னாவ. தோணியில எலித் தொல்லைன்னு ஒஞ்சித்தப்பா கொண்டு போனாவ. மூணு வருசம் அங்கன ராசா மாரி கெடந்துது."

"அம்மா கேட்டப்போ சத்தியம் பண்ணியிருக்கலாமே சித்தி?"

"பொய்ச் சத்தியமா? அதுக்கு ஒங்கம்ம எம்மேல சந்தேகப்பட்டுட்டுப் போட்டும்னு இருந்துட்டேன்."

பழைய புத்தி எங்கே போகும்? செத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டால் யார் வந்து மறுக்கப் போகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கிண்ணத்தைத் திருப்பி, பூச்சு பெயர்ந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது அப்பாவின் சாம்பல் படிந்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு மாதம் விட்டுவிட்டு வரும் பூனையின் கிண்ணத்தை யாரும் அப்படித் தேய்ப்பதில்லை. திரும்ப வாங்காமல் கொடுத்துவிடும் பாத்திரத்தைத்தான் தேய்ப்பார்கள். எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், அன்று அவர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.