அண்ணாந்து குடித்த தண்ணீர்

ஐம்பத்திரண்டு வயதில் டான்சிலை எடுத்துக்கொண்டேன். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வது, பெரியவர்களுக்கு வலி கூடுதலாக இருக்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறையில் முக்கக் கூடாது. வெட்டிய இடத்தில் படியும் வெள்ளைப் பொருக்கு ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் உதிரும். அப்போது முக்கினால் ரத்தம் வரலாம், மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் போக நேரலாம். கொடுத்த வலி மருந்தோ மலத்தைக் கட்டும் வகை. அதையும் அவரே சொன்னார்.

என் மனைவிக்கு வங்கியில் மூன்று நாள்தான் லீவு. நான்காம் நாள் காலை, எங்கள் ஜனக்புரி வீட்டில் ஒன்பது வருஷமாகச் சமைக்கும் பெண்மணியிடம் என்னை ஒப்படைத்துவிட்டு மெட்ரோவுக்கு ஓடினாள். அவருக்கு நாற்பது வயது இருக்கும். திருவண்ணாமலைப் பக்கம், கல்யாணமாகித் தில்லி வந்தவர். சாக்கடைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடிசை. அந்த வாரம் மற்ற வீடுகளுக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“சார், வெளிக்குப் போனீங்களா?”

எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டார். எனக்குப் பேச முடியாது. போனேன் என்று தலையாட்டினேன். முப்பது வருஷம் பத்திரிகைக்காரனாகப் பிறரிடம் சங்கடமான கேள்விகளைக் கேட்டுப் பிழைத்தவன், எனக்கு வந்த ஒன்றுக்குப் பொய் சொன்னேன்.

“பொய்யி. உங்க பாத்ரூம்ல மக்கு நேத்து நான் கவுத்து வச்ச மாதிரியே கெடக்குது.”

நான்கு விரல்களைக் காட்டினேன். அவர் பால்கனியில் நின்று என் மனைவியைப் போனில் பிடித்தார். “அக்கா, சாருக்கு நாலு நாளா கட்டிக்கிச்சு!” எங்கள் பிளாக்கில் பால்கனியில் பேசுவது மாடி வரைக்கும் கேட்கும். அரை மணியில் மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் இசப்கோல் உமி டப்பாவோடு இறங்கி வந்தார். தில்லியில் வயிற்றுக் கோளாறு எதுவானாலும் அதுதான் மருந்து. “பாயி சாப், தோ சம்மச், பஸ்,” என்றார். இரண்டு ஸ்பூன் போதுமாம்.

“அச்சா ஆன்ட்டி,” என்று டப்பாவை வாங்கிக்கொண்ட சமையல்காரர், அவர் போனதும் அதில் ஒரு ஸ்பூனை அரை கிளாஸ் தண்ணீரில் கலந்து என் முன்னால் வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து கிளாஸைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே இருந்தது அசையவில்லை.

“கூழு கணக்கா ஆயிடுச்சு பாருங்க. ரெண்டு மடக்கு தண்ணிக்கே கண்ணு கலங்குது உங்களுக்கு. இது நடுவுல நின்னுக்கிச்சுன்னா?”

டாக்டரிடம் கேட்கச் சொல்லி மறுபடி மனைவிக்குப் போன். பதில் மதியத்துக்குள் வந்தது. விழுங்கவே சிரமப்படும்போது இசப்கோல் வேண்டாம்; இனிப்பான ஒரு சிரப்பைக் கொடுக்கலாம்; ஆனால் தண்ணீர் போகாவிட்டால் அதுவும் வேலை செய்யாது. தடுத்தது யார் என்று டாக்டர் விசாரித்தாராம்.

தண்ணீர்தான் போகவில்லை. காலையில் நிரப்பிய பாட்டிலை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“கழுத்து வரைக்கும் ஊத்துனேன். இன்னும் கழுத்துலதான் நிக்குது. எங்க, குடிங்க, பாக்கறேன்.”

டம்ளரை உயர்த்தி, தலையைச் சாய்த்து, ஊற்றிக்கொண்டேன். தண்ணீர் நேராகப் புண்ணில் விழுந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்.

“அடக் கடவுளே! புண்ணை வச்சுக்கிட்டு யாராச்சும் அண்ணாந்து ஊத்துவாங்களா? வாய் வச்சு உறிஞ்சுங்க சார். இங்க யாரு பாக்கப் போறாங்க?”

பாத்திரத்தில் வாய் வைத்தால் எச்சில் என்று வளர்ந்தவன் நான். மனைவியும் அப்படியே. அதனால் மூன்று நாளும் பக்கத்திலிருந்தும் அவளுக்கு அது கண்ணில் படவில்லை. தில்லிக்கார டாக்டருக்கோ, ஒரு நோயாளி இப்படிக் குடிப்பான் என்பதே தோன்றியிருக்காது. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களின் வளைந்த விளிம்பு உறிஞ்சுவதற்குத் தோதுமில்லை. வெளியாட்கள் வந்தால் டீ கொடுக்கும் பூப்போட்ட கோப்பையை மேல் அலமாரியிலிருந்து இறக்கினார். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு வாய் மட்டும். வலித்தது, ஆனால் தாங்க முடிந்தது.

“நான் இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் ஒரு வாய். சரியா?”

அன்று அவர் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை வந்தார். துடைப்பத்தோடு, துணியோடு, பிறகு கையில் ஒன்றுமே இல்லாமல். சாயங்காலம் பாட்டில் காலி. கோப்பையைக் கழுவி அடுக்களை ஜன்னலில் தன் கண்ணாடி டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். ஒன்பது வருஷமாக அந்த டம்ளர் அங்கேதான் இருக்கிறது. அது ஏன் மற்றவற்றோடு சேராமல் தனியாக இருக்கிறது என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் சிரப் குடித்து வயிறு இரைந்தது, அவ்வளவுதான். ஏழாம் நாள் காலை வாய் கொப்பளித்தபோது வெள்ளையாக ஒரு துணுக்கு வந்தது. பொருக்கு உதிரத் தொடங்கிவிட்டது. ஒரு மணி நேரத்தில் வயிறும் முட்டியது. இரண்டும் ஒரே நாளில் வரும் என்று நான் பயந்தபடியே ஆயிற்று.

அவர் கோலம் போட உட்காரும் மணையைக் கொண்டுபோய்க் கம்மோடுக்கு முன்னால் போட்டார். “காலை இது மேல வைங்க, குந்துற மாதிரி இருக்கும். தாப்பா போடாதீங்க. வரலன்னா எந்திரிச்சு வந்துடுங்க. ஜல்தி ஒண்ணுமில்ல.” கதவைச் சாத்தும்போது, “முக்குனீங்க, அக்காகிட்ட சொல்லிடுவேன்,” என்றார்.

உள்ளே வாயைத் திறந்து மூச்சு விட்டேன். பினாயில் பாட்டிலின் லேபிளை முழுக்கப் படித்தேன். முக்கிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தேன். வெளியே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மூன்றாம் தடவை நான் ஒன்றும் செய்யாமலே வந்தது.

வெளியே வந்தேன். “முக்குனீங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். என் தலையாட்டலை இரண்டாவது தடவையாகவும் அவர் நம்பவில்லை. “வாயைத் தொறங்க,” என்று போன் விளக்கைப் பிடித்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அதே போனில் என் மனைவியைக் கூப்பிட்டார்.

“அக்கா, ஆச்சு. ரத்தம் இல்ல. லைட் போட்டுப் பாத்துட்டேன்.”

பத்திரிகையில் இப்போது பிறருடைய செய்திகளைத் திருத்துவது என் தொழில். அவர் சொன்ன செய்தியில் வெட்டவோ சேர்க்கவோ ஒரு வார்த்தைகூட இல்லை.

பிறகு கோப்பையை நிரப்பி என் கையில் கொடுத்தார். பத்தாம் நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.