கையால் திருப்பிய காந்தம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து கோலாலம்பூரில் இயற்பியல் படித்த நீலாவுக்கு ஆளை நம்பத் தெரிந்த அளவுக்குச் சந்தேகப்படத் தெரியாது. அதுதான் அவளுடைய கெட்ட காலம்.

ஆய்வுக்கூடத்தில் அவளும் சுகுமாரனும் ஒரே வேலையில் இருந்தார்கள். காந்தப் பொருளுக்குள் ஓடும் எலக்ட்ரான்களுக்குத் தற்சுழற்சி உண்டு. ஒரு திசைச் சுழற்சி உள்ளவை சுலபமாக ஓடும். மறு திசையில் சுழல்பவை முட்டி மோதித் திணறும். கம்பி வைத்துத் தொடாமல், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சியே அந்த ஓட்டத்தைப் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. மின்காந்தச் சுருளை இயக்கியபோது ஒளி என்னவோ மாறியது. “சுருள் சூடாகுது, அதான்” என்று சுகுமாரன் கைகழுவினான். நீலா விடவில்லை. சுருளைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாதாரணக் காந்தக் கட்டியைக் கையாலேயே திருப்பிப் பார்த்தாள். சூடே இல்லை. ஒளி அப்போதும் மாறியது! அப்படியானால் காரணம் காந்தமேதான். சுகுமாரன் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. அந்த வாரமே கல்யாணப் பேச்சும் எடுத்தான்.

எண்பத்தாறில் கேமரன் மலையிலேயே, பிரிஞ்சாங் ஊர் ஹோட்டல் ஒன்றில் ஆய்வாளர் கூட்டம். நல்ல வேலையைச் செய்தவருக்கு இங்கிலாந்தில் மேற்படிப்பு. மேடையில் பேசுவது சுகுமாரன்; இரண்டு பேர் பெயரையும் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தான். அன்று பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்ட கையோடு நீலாவின் அம்மா மணியம்மாவும் வந்து உட்கார்ந்தாள். இங்கிலீஷ் புரியாது. “உன் பேரு எப்படி வரும்? இப்பவா?” என்று மகளை இடித்துக்கொண்டே இருந்தாள்.

வரவேயில்லை. “காந்தத்தை நான் கையால் திருப்பினேன்” என்றான் அந்த மகராசன். அட பாவி! கைதட்டல் வேறு.

நீலா வெளியே அவனை மடக்கினாள். “என் பேரையே சொல்லாம, நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே!”

“கோவப்படாத நீலா. கல்யாணம் ஆனா என் பேருதானே உன் பேரு? நான் போனா நீயும் கூட வரப்போற.”

நீலா பின்னாலேயே வந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள். தான் பறித்த கொழுந்தை அடுத்தவள் பேரில் போட்ட கங்காணியைத் தோட்டத் துரை முன்னால் நிறுத்திச் சண்டை பிடித்தவள் மணியம்மா. இவனைச் சும்மா விடுவாளா?

மணியம்மா மகள் கையைப் பிடித்தாள். “விட்டுடும்மா. கட்டிக்கப் போறவருதானே. லயம் பூரா சொல்லியாச்சு.”

அவன் திருடியபோது வராத அழுகை நீலாவுக்கு அப்போது வந்தது. “ஒரு கூடைக் கொழுந்துக்குப் போட்ட சண்டைய எனக்காகப் போட மாட்டியாம்மா?”

மணியம்மா மகள் கையை விட்டுவிட்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.

கல்யாணத்தை நீலாவே நிறுத்தினாள். சுகுமாரன் இங்கிலாந்து போனான். நீலா மலையிலேயே, கம்போங் ராஜா ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாகி, அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். சோறு போட்டாள், மருந்து வாங்கித் தந்தாள். தன் காரியம் எதையும் அதற்குப் பிறகு அவளிடம் சொன்னதேயில்லை.